குரூப்பில் சேர்த்தும் ஜாங்கோவில் பர்மிஷன் வரவில்லை

கேள்வி:
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாமா கடைக்கு ஜாங்கோவில் (பைத்தானில் வெப் ஆப் எழுதும் ஃப்ரேம்வொர்க்) பில்லிங் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதலில் சோம்பல்பட்டு எல்லாருக்கும் எதையும் மாற்றக்கூடிய சூப்பர்யூசர் உரிமை கொடுத்துத் தொலைத்தேன். ஒரு முகூர்த்த நாள் விடியற்காலையில் மல்லிகை கிலோ 1200 என்றிருந்ததை யாரோ 120 ஆக்கிவிட்டார்கள். மாமா இன்னும் சொல்லிக்காட்டுகிறார். இப்போது கணக்குப்பிள்ளைக்குப் புது லாகின் போட்டு, 'பில்லிங்' குரூப்பில் சேர்த்தேன். பில் போடலாம், விலையைத் தொடக் கூடாது. ஆனால் ஜாங்கோவின் அட்மின் பக்கம் அவரை உள்ளேயே விடவில்லை. கட்டளை அடிக்கும் ஷெல்லில், அவருக்குப் பர்மிஷன் உண்டா என்று ஹேஸ்_பெர்ம் கேட்டாலும் ஃபால்ஸ், அதாவது இல்லை என்கிறது.

பதில்:
அவருடைய யூசர் கணக்கில் ஸ்டாஃப் டிக் போட்டீர்களா அண்ணே? அது இல்லாமல் எத்தனை பர்மிஷன் கொடுத்தாலும் அட்மின் வாசலைத் தாண்ட முடியாது.

இன்னொரு பதில்:
ஷெல் கதை வேறு. பர்மிஷனை முதல் தடவை கேட்டதுமே ஜாங்கோ அதை அந்த யூசர் ஆப்ஜெக்டிலேயே எடுத்து வைத்துக்கொள்ளும். குரூப்பில் சேர்க்கும் முன்பே ஒருமுறை கேட்டுப் பார்த்திருப்பீர்கள். அதே ஆப்ஜெக்டில் விவரங்களை மறுபடி ஏற்றும் ரெஃப்ரெஷ்_ஃப்ரம்_டிபி போதாது, யூசரை டேட்டாபேஸிலிருந்து புதிதாக எடுங்கள். ஹேஸ்_பெர்மில் கொடுக்கும் கோட்நேமுக்கு (பர்மிஷனின் பெயர்) முன்னால் ஆப் பெயரும் புள்ளியும் வேண்டும், பலர் வழுக்கும் இடம் அது. அப்புறம், விலை மாடலுக்கு (விலைகளை வைத்திருக்கும் டேபிள்) பார்க்க மட்டும் விடும் 'வியூ' பர்மிஷன் மட்டும் கொடுங்கள். ஜாங்கோ 2.1 பதிப்பிலிருந்து இருக்கிறது.

கேட்டவர்:
இரண்டும்தான் கோளாறு. ஸ்டாஃப் டிக்கை மறந்தே போனேன். இன்று காலை கணக்குப்பிள்ளை போன் செய்தார்: "தம்பி, வெல தெரியுது, ஆனா அடிக்க பொட்டியக் காணோமே!" மாமாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.