டச் லைனிலிருந்து போஸ்டுக்கு 30 மீட்டர்

தூத்தூர்

இந்த வாரம் கால்பந்தில் வேறெதையும் தொடவேண்டாம் மக்கா, த்ரோ-இன் மட்டும் பேசுவோம்: பந்து பக்கக்கோட்டை (டச் லைன்) தாண்டி வெளியே போனால் கையால் உள்ளே எறிவது. ஊருக்கு ஒருவராகச் சொல்லுவோம். இங்கிலாந்து ஆட்டம் பார்க்கிறவர்கள் கவனித்திருப்பீர்கள். பிரென்ட்ஃபோர்டின் மைக்கேல் கயோடே துண்டை வாங்கிப் பந்தைத் துடைக்க ஆரம்பித்தால் போதும், சென்டர் பேக்குகள் (நடுவில் நிற்கும் உயரமான தடுப்பாட்டக்காரர்கள்) மெதுவாக நடந்து எதிரணி கோலுக்கு முன்னாலிருக்கும் பெனால்டி பாக்ஸுக்குள் வருவார்கள். கார்னருக்கு வருகிற அதே நடை. அவர்களுக்கு அது கார்னர்தான்.

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். பெரிய மைதானத்தின் அகலம் 68 மீட்டர், கோலின் அகலம் 7.32. மிச்சத்தைப் பாதியாக்கினால் டச் லைனிலிருந்து முதல் போஸ்டுக்கு 30 மீட்டரும் கொஞ்சமும் வரும். போஸ்டுக்கு முன்னாலிருக்கும் சின்னப் பெட்டியின் ஓரத்துக்கு 25 மீட்டர்கூட இல்லை. ஆக, 25 மீட்டர் எறியத் தெரிந்த ஒருவன் கையில் இருந்தால் பாக்ஸ் பக்கத்தில் கிடைக்கும் ஒவ்வொரு த்ரோவும் கோல் வாய்ப்பு. 2008-இல் பிரீமியர் லீகுக்கு ஏறி வந்த ஸ்டோக் சிட்டி இதை வைத்துத்தான் பெரிய அணிகளைத் திணறடித்தது. பள்ளி நாளில் ஈட்டி எறிந்த ரோரி டெலாப் அவர்களுடைய ஆள். பந்து மேலே ஏறாமல் தட்டையாக வரும்.

இன்னொரு சலுகையும் உண்டு: த்ரோவிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு, அதாவது எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னால் நிற்கிற குற்றம், கிடையாது. கீப்பரை ஒட்டி நின்றாலும் தப்பில்லை.

பாடமாகப் பார்க்க ஒரே ஒரு கோல் சொல்லுங்கள் என்றால் 2016 யூரோ கோப்பையில், ஜூன் 27, நீஸ் நகரில் இங்கிலாந்துக்கு எதிராக ஐஸ்லாந்து போட்டதைச் சொல்வேன். 4-ஆவது நிமிடம் ரூனி பெனால்டியில் கோல் போடுகிறார். 6-ஆவது நிமிடம் கேப்டன் ஆரோன் குன்னார்சன் நீளமாக எறிகிறார். காரி ஆர்னாசன் முன்னால் வந்து பந்தைத் தலையால் பின்பக்கம் தட்டிவிடுகிறார், அவ்வளவுதான். பின்னாலிருந்து ஓடிவந்த ராக்னர் சிகுர்ட்சன் காலை நீட்டி உள்ளே தள்ளுகிறார். எறிகிறவன், தட்டுகிறவன், ஓடுகிறவன் என்று மூன்றே பேர். முடிவு 2-1, இங்கிலாந்து வீட்டுக்கு. அந்தக் கோலை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எறிகிறவனின் கையையும் சிகுர்ட்சன் கோலை நோக்கி ஓடத் தொடங்கும் நொடியையும் சேர்த்துக் கவனியுங்கள்.

நித்திரவிளை

அண்ணன் சொன்ன 25 மீட்டரைத் தோள் பலத்தால் எட்ட முடியாது. மடிவலை இழுத்துப் பழகிய கை நம் கடற்கரையில் எல்லோருக்கும் இருக்கிறது, ஆனால் முக்கால்வாசிப் பேர் 18 மீட்டரில் நின்றுவிடுகிறார்கள். இடுப்பும் முதுகும் வேலை செய்யவேண்டும்.

பிடியிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு உள்ளங்கையும் பந்தின் பின்பக்கம் இருக்கவேண்டும், விரல்கள் விரிந்து, கட்டைவிரல்களுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி. பக்கவாட்டில் அணைத்துப் பிடித்தால் ஒரு கை மட்டும் தள்ளும், பந்து சுழன்று வளைந்து போகும், லைன்ஸ்மேனும் சந்தேகமாகப் பார்ப்பார். ஓட்டம் 4 அல்லது 5 எட்டு, கடைசி எட்டு மட்டும் நீளமானது. முன்னால் ஊன்றும் கால் முட்டி மடங்காமல் கம்பு மாதிரி நிற்கவேண்டும். ஓடிவந்த வேகத்தை அந்தக் கால்தான் தடுத்து இடுப்புக்கு ஏற்றுகிறது. முட்டி மடங்கினால் வேகமெல்லாம் தரைக்குள் போய்விடும். பின்கால் விரல்நுனி மண்ணில் கோடு இழுத்தபடி வரும். உடம்பு வில்லாகி, முதலில் இடுப்பு, அடுத்து நெஞ்சு, அடுத்து முழங்கை, கடைசியில் மணிக்கட்டு.

பந்து நெற்றியைத் தாண்டிய நொடியில் கை விடவேண்டும். முந்தினால் வானத்துக்குப் போகும், பிந்தினால் பத்தடியில் தரையைத் தொடும். 45 டிகிரியில் எறிந்தால்தான் தூரம் போகும் என்று பள்ளிக்கூடக் கணக்கை வைத்துப் பையன்கள் வாதாடுவார்கள். மனித உடம்பு மேல்நோக்கி எறியும்போது வேகம் குறைந்துவிடும். 30 டிகிரியை ஒட்டி எறிந்தால்தான் அதிகத் தூரம். பந்து சீக்கிரமும் போய்ச் சேரும், கீப்பருக்கு யோசிக்க நேரம் இராது.

மணலில் ஆடுகிறவர்களுக்குத் தனிப் பிரச்சனை. ஊன்றுகால் நாலு விரற்கடை புதைந்துவிடும், பின்கால் தானாகத் தூக்கிக்கொள்ளும், விசில் ஊதிவிடுவார்கள். எறியும் இடத்தை முதலிலேயே மூன்று நான்கு முறை மிதித்து இறுக்கிக்கொள்ளுங்கள். ஓட்டத்தை 2 எட்டாகக் குறையுங்கள். மணலில் 20 மீட்டர் எறிகிறவன் புல்லில் சுலபமாக இன்னும் சில மீட்டர் கூட்டுவான்.

பயிற்சிக்கு 2 கிலோ மெடிசின் பால் (எடையுள்ள பயிற்சிப் பந்து). முட்டி போட்டு 8 முறை, நின்றபடி 8 முறை, இரண்டு எட்டு வைத்து 6 முறை. வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. பந்து வாங்க முடியாதவர்கள் பழைய ஃபுட்பாலின் பிளாடரை எடுத்துவிட்டு மணல் நிரப்பித் தைத்துக்கொள்ளலாம், தராசில் வைத்து 2 கிலோவைத் தாண்டாமல் பாருங்கள். 15 வயதுக்குக் கீழே எடை வேண்டாம், சாதாரணப் பந்து போதும். தோளின் முன்பக்கமோ கீழ்முதுகோ வலித்தால் அன்றோடு நிறுத்துங்கள். வலியோடு எறிகிறவன் இடுப்பை மறந்து கையால் தள்ள ஆரம்பிப்பான், பிறகு வலியும் போகாது, தூரமும் வராது.

களியக்காவிளை

ரெஃப்ரி பக்கத்திலிருந்து. கால்பந்து விதிகளில் த்ரோ-இன்னுக்கான விதி 15 சின்ன விதிதான். உள்ளூர் ஆட்டங்களில் அதிகம் சண்டை வருவதும் அதில்தான்.

எறியும் நொடியில் மைதானத்தைப் பார்த்து நிற்கவேண்டும். இரண்டு காலிலும் ஏதாவது ஒரு பாகம் கோட்டின்மேலோ கோட்டுக்கு வெளியேயோ தரையில் பட்டிருக்கவேண்டும். இரண்டு கையாலும், தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக, பந்து வெளியே போன இடத்திலிருந்து எறியவேண்டும். இதில் எது தவறினாலும் த்ரோ எதிரணிக்கு. கோட்டை மிதித்தாலே ஃபவுல் என்று கூச்சல் போடுகிறவர்கள் இங்கே நிறைய. கோட்டின்மேல் நிற்கலாம், முழுப் பாதமும் கோட்டைத் தாண்டி உள்ளே போனால்தான் தவறு. பின்காலை இழுக்கலாம், தூக்கக்கூடாது. பந்து கையை விட்டபிறகு தூக்கினால் குற்றமில்லை. பந்து சுழல்வதை வைத்து மட்டும் ஃபவுல் சொல்லாதீர்கள், கையைப் பாருங்கள்.

எதிரணிக்காரர் 2 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். முன்னால் குதித்து எறிகிறவரைக் குழப்பினால் மஞ்சள் அட்டை. பந்து உள்ளே வராமல் வெளியிலேயே தரையைத் தொட்டுப் போனால் அதே அணி அதே இடத்திலிருந்து மறுபடி எறியலாம். எறிந்தவரே வேறு யாரும் தொடும்முன் பந்தைத் தொட்டால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேராகக் கோல் போட முடியாத உதை).

யார் தலையிலும் காலிலும் படாமல் த்ரோ நேராக எதிரணி கோலுக்குள் போனால் கோல் கிடையாது, கோல் கிக். சொந்தக் கோலுக்குள் போனால் கார்னர். 2002 செப்டம்பரில் பர்மிங்காம் சிட்டி, ஆஸ்டன் வில்லா ஆட்டத்தில் வந்தது இதுதான். ஓலோஃப் மெல்பெர்க் தன் கீப்பர் பீட்டர் என்கெல்மனுக்கு எறிந்தார். கீப்பர் காலால் நிறுத்தப் பார்த்தார், பந்து அடியில் புகுந்து கோலுக்குள் போயிற்று. கால் பட்டது என்று ரெஃப்ரி முடிவெடுத்ததால் கோல். படவில்லை என்றால் கார்னர்தான் கொடுத்திருக்கவேண்டும். பாதி அங்குலம் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ!

பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். த்ரோவுக்கு விசில் தேவையில்லை. பந்து வெளியே போனதும் முதுகைக் காட்டி ரெஃப்ரியிடம் வாதாடாதீர்கள். 2023 மார்ச் 3, பெங்களூரில் நடந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பிளேஆஃப் நினைவிருக்கும். கூடுதல் நேரத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் சுவர் அமைப்பதற்குள் பெங்களூரு எஃப்.சி.யின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கைக் கோலுக்குள் போட்டுவிட்டார். பிளாஸ்டர்ஸ் ஆட்கள் மைதானத்தை விட்டே வெளியேறினார்கள், பயிற்சியாளர் வுகோமனோவிச்சுக்கு 10 ஆட்டத் தடை. நம் பக்கம் மஞ்சள் சட்டைக்காரர்கள், அதாவது பிளாஸ்டர்ஸ் ரசிகர்கள், அதிகம், இன்றைக்கும் அந்தப் பேச்சு ஆறவில்லை. எனக்கும் அந்த அணிமேல் பிரியம்தான். ஆனால் ஃப்ரீ கிக்கோ த்ரோவோ, பந்துக்கு முன்னால் முதலில் ஒருவன் போய் நிற்கவேண்டும், வாதம் அதற்குப் பிறகு.

பொழியூர்

சாரே, கீப்பர்கள் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபிக்கு ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கிற இந்தக் கரையில்கூடப் பையன்கள் நீள த்ரோவைக் கார்னர் மாதிரியே எதிர்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. கார்னர் பந்துக்குக் காலின் வேகம் இருக்கிறது. 2018 மார்ச் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டத்தில் சென்னையின் எஃப்.சி.யின் மைல்சன், கிரெகரி நெல்சனின் கார்னரில் இரண்டு ஹெடர் போட்டாரே, வந்த வேகத்திலேயே பந்தைத் திருப்பிவிட்டால் போதும். த்ரோவில் அந்த வேகம் கிடையாது. ஹெடர் நேராகக் கோலுக்குப் போவது அபூர்வம். அதே காரணத்தால் நம் டிஃபென்டர் அடிக்கும் ஹெடரும் தூரம் போகாது, 12 மீட்டரில் விழும். கோல் வருவது அங்கிருந்து, இரண்டாவது பந்தில்.

அதனால் ஆட்களை இப்படி நிறுத்துகிறோம். எறிகிறவனுக்கு முன்னால் 2 மீட்டரில் ஒருவன், உயரமானவன், எம்பாமல் நிற்கவேண்டும். பந்தைத் தலையால் தட்டிவிடப்போகும் எதிரணி நெட்டையனுக்கு முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். முன்னால் நிற்கிறவன் பந்தைத் தொட முடியாவிட்டாலும் நெட்டையன் ஓடிவந்து எம்பாதபடி வழியை அடைக்கவேண்டும். பெனால்டி புள்ளியில் ஒருவன், பாக்ஸ் முனையில் இரண்டு பேர், விழுகிற பந்து இவர்களுடையது. தூரத்து போஸ்டில் ஒருவன். மிச்சப்பேர் ஆளுக்கு ஆள்.

கீப்பர் முதல் போஸ்டை நோக்கி ஓடினால் கூட்டத்தில் மாட்டுவான். கோலின் நடுவில், கோட்டிலிருந்து ஒரு மீட்டர் முன்னால், உடம்பு பாதி திரும்பி நிற்கட்டும். சின்னப் பெட்டிக்குள் தலைக்கு மேலே வந்தால் மட்டும் வெளியே வரவேண்டும். மழையில் பிடிக்கப் பார்க்காதீர்கள், இரண்டு முஷ்டியாலும் பக்கவாட்டில் குத்துங்கள். பிடித்துவிட்டால் 8 விநாடிக்குள் விடவேண்டும். 2025 ஜூலை முதல் அதைத் தாண்டினால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 விநாடியை ரெஃப்ரி கையைத் தூக்கி எண்ணிக்காட்டுவார், கண் அங்கேயும் இருக்கட்டும்.

நம் ஆளே எறியும் த்ரோவைக் கீப்பர் கையால் எடுக்கக்கூடாது. இதைப் பெரிய பையன்கள்கூட மறக்கிறார்கள்.

கொழிஞ்சாம்பாறை

எங்க பக்கம் செவன்ஸ்தானுங்க, அணிக்கு ஏழு பேர் ஆடற ஆட்டம், அதையும் கொஞ்சம் சொல்லிடறேன். 40 மீட்டர் அகல மைதானம்னு வெச்சுக்குங்க, பெரிய கோல் போட்டாலும் கோட்டிலிருந்து போஸ்டுக்கு 16 மீட்டர்தான். யார் எறிஞ்சாலும் பாக்ஸுக்குள்ள விழும். ஆஃப்சைடும் பெரும்பாலான போட்டிகளில் இல்லை. அதனால செவன்ஸ்ல தனியா நீள த்ரோ ஆளைத் தேடாதீங்க, தலையால தட்டிவிடற ஆளைத் தேடுங்க.

விதி போட்டிக்குப் போட்டி மாறுமுங்க. டாஸுக்கு முன்னாடியே கமிட்டிக்காரங்ககிட்ட கேட்டுருங்க. கேலரிக் கம்பு கோட்டை ஒட்டியே நட்டிருந்தா ஓடிவர இடமிருக்காது, நின்னபடி எறியப் பழகியிருக்கணும். நடத்தறவங்க கயிற்றைக் கோட்டிலிருந்து 3 மீட்டராவது தள்ளிக் கட்டுங்க. ராத்திரி ஆட்டத்துல லைட் எந்த மூலையில நிக்குதுன்னு பார்த்து, கீப்பர் கண்ணுக்கு வெளிச்சம் அடிக்கிற பக்கத்திலிருந்து உயரமா எறிங்க. பனி விழுந்து பந்து வழுக்கும். துண்டை முதுகுப் பக்கம் டிரவுசர்ல செருகி வெக்கறதுக்குப் பதிலா கோட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் ஒவ்வொண்ணு வெச்சிருங்க.

தூத்தூர்

நீள த்ரோவைப் பேசிப் பேசிக் குட்டை த்ரோவை விட்டுவிட்டோம். ஒரு ஆட்டத்தில் நாற்பது ஐம்பது த்ரோ வருகிறது, பாக்ஸுக்குள் எறிய முடிவது அதில் ஐந்தாறு. மிச்சமெல்லாம் பந்தைக் கையில் வைத்திருந்தும் எதிரணிக்குத் தானம் கொடுப்பதுபோலத்தான் நடக்கிறது. அதற்காகவே லிவர்பூல் 2018-இல் டென்மார்க்கின் தாமஸ் குரோன்னமார்க்கை த்ரோ பயிற்சியாளராக வைத்தது. 2010-இல் 51.33 மீட்டர் எறிந்து உலகச் சாதனை வைத்தவர். அவரே நீளத்தோடு வேகத்தையும் சாமர்த்தியத்தையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார்.

கால்பந்து வீரர்களான சூசைராஜ், ரெஜின் சகோதரர்களைப் பார்த்து விங்கில் (மைதானத்தின் ஓரத்தில்) ஆட ஆசைப்படும் இரவிபுத்தன்துறைப் பையன்கள் இதைப் பழகவேண்டும். வாங்கப்போகிறவன் முதலில் எறிகிறவனை விட்டு மூன்று எட்டு விலகி ஓடவேண்டும், காவல்காரன் கூடவே வருவான், சட்டென்று திரும்பினால் 2 மீட்டர் இடம் கிடைக்கும். பந்து முழங்காலுக்குக் கீழே, குத்தாமல் வரவேண்டும். நெஞ்சுக்கு எறிந்தால் அடக்கவே இரண்டு தொடுதல் போய்விடும், அதற்குள் ஆள் வந்துவிடுவான். வாங்கியவன் ஒரே தொடுதலில் எறிந்தவனுக்கே திருப்பித் தரவேண்டும். எறிந்தவன் அதற்குள் கோட்டைத் தாண்டி உள்ளே வந்திருக்கவேண்டும். எறிந்துவிட்டு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பதுதான் நம்மிடம் இருக்கும் பெரிய குறை. மூன்று பேர், ஒரு பந்து, பத்து நிமிடம், தினமும் ஆட்டம் தொடங்கும் முன்னால். இடது கோட்டில் ஐந்து, வலது கோட்டில் ஐந்து.