சான்டோரினி: அம்மாவோடு 4 இரவு, மொத்தம் 750 யூரோ. கணக்கு உதைக்கிறது, உதவுங்கள்

மதுரைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். மியூனிக்கில் முதுகலை படிக்கிறேன். அம்மா என்னோடு கொஞ்ச நாள் இருக்க வந்திருக்கிறார். அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஊர் கிரீஸ் நாட்டுத் தீவான சான்டோரினி. எங்கள் வீட்டில் பழைய நாள்காட்டி ஒன்றில் அந்த நீலக் கூரை தேவாலயப் படம் இருந்தது. தாள் எல்லாம் தீர்ந்த பிறகும் அட்டையைத் தூக்கிப் போடாமல் சமையலறைக் கதவில் மாட்டி வைத்திருந்தார். அதனால் எப்படியாவது கூட்டிப் போக வேண்டும்.

அக்டோபர் இரண்டாம் வாரம். மியூனிக் - ஏதென்ஸ் விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது, மாற்ற முடியாது. சனி மாலை இறங்குகிறோம், அடுத்த சனி காலை பத்தரைக்குத் திரும்புகிறோம். விமானம் போக, இருவருக்கும் சேர்த்து 750 யூரோதான் இருக்கிறது.

இப்போதைய திட்டம்: சனி, ஞாயிறு ஏதென்ஸ். திங்கள் காலை கப்பல். திங்கள் முதல் வியாழன் வரை நான்கு இரவு தீவில். வெள்ளி பிற்பகல் கப்பலில் ஏறி இரவு ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகம், அங்கே படுத்துவிட்டுக் காலையில் விமான நிலையம். தீவின் இயா ஊரில் ஒரு குகை அறை இரவுக்கு 110 யூரோ (ரத்து செய்யலாம்). அதிலேயே பாதிப் பணத்துக்கு மேல் போய்விடுகிறது. பெரிசா கடற்கரையில் 43 யூரோவுக்கு ஓர் அறை பார்த்தேன். அங்கே தங்கினால் பக்கத்துக் கமாரிக்கு நடந்து போகலாமா? வரைபடத்தில் ஒட்டியே இருக்கிறது.

அம்மாவுக்கு வலது முட்டியில் வலி. சுத்த சைவம். ஜெர்மனி கொடுத்த ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா), ஒரே ஒரு நுழைவு என்று போட்டிருக்கிறது. அதில் ஏதும் சிக்கல் வருமா?

பயணப்பை:

விசா பற்றி மட்டும் சொல்கிறேன். கிரீஸும் ஷெங்கன்தான். மியூனிக்கிலிருந்து ஏதென்ஸ் போய்த் திரும்புவது உள்பயணம், இன்னொரு நுழைவாகக் கணக்கில் வராது. விசா தேதிக்குள், அனுமதித்த நாட்களுக்குள் இருந்தால் போதும். அம்மாவின் பாஸ்போர்ட், காப்பீட்டுத் தாள், உங்கள் குடியிருப்பு அட்டை மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

நெய்தல்:

முதலில் அந்த இயா அறையை ரத்து செய்யுங்கள் மா. விலை ஒரு பக்கம் இருக்கட்டும், முட்டி வலியோடு அங்கே இருக்க முடியாது. இயாவும் ஃபிராவும் செங்குத்தான பாறை விளிம்பில் தொங்கும் ஊர்கள். பழைய குகை வீடுகளுக்குப் படி இறங்கித்தான் போக வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குவீர்கள், ஒரு தண்ணீர் பாட்டில் வாங்க மறுபடி ஏறுவீர்கள்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். சான்டோரினியில் காசு எதற்குப் போகிறது என்றால், கட்டிலிலிருந்து கால்டெரா தெரிவதற்குத்தான். எரிமலை வெடித்து, நடுப்பகுதி சரிந்து, கடல் புகுந்த அந்தப் பெரும் பள்ளத்தின் காட்சி ஜன்னலுக்குள் வந்தால் ஒரு விலை, வராவிட்டால் வேறு விலை. ஆனால் விளிம்போரம் போகிற பாதை பொதுப் பாதை. காலை, மாலை, நடுராத்திரி எப்போது வேண்டுமானாலும் போய் நிற்கலாம், யாரும் காசு கேட்க மாட்டார்கள்.

கமாரி விஷயத்தில் வரைபடத்தை நம்பாதீர்கள். இரண்டுக்கும் நடுவே மேசா வூனோ என்ற மலை நிற்கிறது. பழைய தேரா நகரத்தின் இடிபாடுகள் அதன் உச்சியில்தான் இருக்கின்றன. நடப்பதென்றால் மலை ஏறி இறங்க வேண்டும். பேருந்து என்றால் பெரிசாவிலிருந்து ஃபிரா வந்து, வேறு வண்டி மாறிக் கமாரி போக வேண்டும். தீவின் பேருந்துகள் எல்லாமே ஃபிராவை மையமாக வைத்துத்தான் ஓடுகின்றன. பெரிசா கருமணல் கரை அழகு, ஊரும் சமதரை. ஆனால் எங்கே போனாலும் இரண்டு பேருந்து. உங்கள் நிலைமைக்கு ஃபிராவின் கிழக்குப் பக்கம், கார்தெராதோஸ் போகிற சாலைப் பக்கமாகப் பாருங்கள். கால்டெராவுக்கு முதுகு காட்டிய வீடுகள், சமையல் மேடையோடு கிடைக்கும்.

இன்னொன்று: அறை வாடகைக்கு மேல் அரசு ஒரு கட்டணம் வாங்கும். 2025 விதிப்படி ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒன்று, இரண்டு நட்சத்திர விடுதிகளுக்கு இரவுக்கு 2 யூரோ, நான்கு நட்சத்திரத்துக்கு 10, ஐந்துக்கு 15. தனியார் அடுக்ககங்களுக்கு 8 யூரோ, அதைக் கவனியுங்கள். தலைக்கு அல்ல, அறைக்கு.

கடலோடி:

தங்கச்சி, கப்பலில் இன்ஜினியராக இருக்கிறேன். பிரேயஸில் பல மாதம் கிடந்திருக்கிறேன். உங்கள் திட்டத்தில் என்னைப் பயமுறுத்துவது அறை வாடகை இல்லை, வெள்ளிக்கிழமைக் கப்பல்.

ஈஜியன் கடலில் காற்று 8 போஃபோர்ட் அளவைத் தொட்டால் துறைமுகத்தார் கப்பல்களை நிறுத்தத் தொடங்குவார்கள். கிரேக்கத்தில் அதற்கு 'அபகோரெஃப்திகோ' என்று பெயர், அந்த ஒரு சொல்லைக் கேட்டால் தீவே நின்றுவிடும். விரைவுக் கப்பல்கள் அதற்கு முன்பே நின்றுவிடும். சீட்டுப் பணத்தைத் திருப்பித் தருவார்கள், அல்லது அடுத்த கப்பலில் ஏற்றுவார்கள். ஆனால் வானிலையால் நின்றதென்றால் அந்த இரவு தங்கும் செலவு உங்களுடையது, தவறவிட்ட விமானமும் உங்களுடையது. விமானத்துக்கு முந்தின நாள் தீவிலிருந்து கிளம்புவதாகத் திட்டம் போடவே கூடாது.

தீர்வுக்குக் கூடுதல் காசு வேண்டாம். ஏதென்ஸைக் கடைசிக்குத் தள்ளுங்கள். சனி இரவு பிரேயஸில் படுங்கள். ஞாயிறு காலைக் கப்பல். ஞாயிறு முதல் புதன் வரை தீவு. வியாழன் திரும்புங்கள். வியாழன், வெள்ளி இரவு ஏதென்ஸ். அதே ஏழு இரவுதான், நடுவில் ஒரு முழு நாள் கையிருப்பு.

விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு எக்ஸ் 96 பேருந்து இரவு பகலாக ஓடும், ஐந்தரை யூரோ. மெட்ரோ என்றால் ஒன்பது. பெரிய மெதுவான கப்பலிலேயே போங்கள். ஏழெட்டு மணி நேரம் ஆகும், விரைவுக் கப்பலுக்கு ஐந்து மணி நேரம்தான், ஆனால் விலை எங்கோ போய்விடும். மெதுவான கப்பலில் மேல்தளம் ஏறி நிற்கலாம், அம்மாவுக்கு அதுவே ஒரு சுற்றுலா. வழியில் வரும் பாரோஸ், நாக்சோஸ் தீவுகளைத் தாண்டிய பிறகு உள்ளே உட்கார்ந்திருக்காதீர்கள். கப்பல் வடக்கு வாய் வழியாகக் கால்டெராவுக்குள் நுழையும்போது இடது பக்கக் கம்பியோரம் நில்லுங்கள். முதலில் பாறை மட்டும் தெரியும், அதன் தலையில் யாரோ சுண்ணாம்பு கொட்டிவிட்டதுபோல வெள்ளையாக ஒரு கோடு. கிட்டப் போகப் போக அந்தக் கோடு வீடுகளாகும். அதுதான் இயா.

இறங்குவது அதினியோஸ் துறை. அங்கே ஃபிரா போகும் பொதுப் பேருந்து நிற்கும். சிறு வண்டிக்காரர்கள் கூப்பிடுவார்கள், அவர்களைத் தாண்டிப் போய்ப் பேருந்தில் ஏறுங்கள். சீட்டு உள்ளேயே நடத்துநர் கொடுப்பார், சில்லறை வைத்திருங்கள்.

மதுரைக்காரி:

அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை. மாற்றிவிட்டேன். அக்கா, ஃபிராவில் பேருந்து நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடையில் ஓர் அறை, 43 யூரோ, சின்ன அடுப்போடு. இரண்டு நட்சத்திரம்தான். சாப்பாடும் சூரிய அஸ்தமனமும் மட்டும் சொல்லிவிடுங்கள். பழைய துறைமுகத்திலிருந்து கழுதைச் சவாரி உண்டாமே, அம்மா முட்டிக்கு உதவுமா?

நெய்தல்:

கழுதை வேண்டாம் மா. 588 படி, வெயிலில் நாள் முழுக்க ஆளைச் சுமந்து ஏறுகின்றன. 2018-இல் நூறு கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாதென்று சட்டமே வந்தது. அவற்றின் முதுகைக் கிட்டத்தில் பார்த்தால் அம்மாவே ஏற மாட்டார். கம்பிவட வண்டி இருக்கிறது, ஆனால் படகுச் சுற்றுலா போகாவிட்டால் பழைய துறைமுகத்துக்கு இறங்கவே தேவையில்லை.

அஸ்தமனத்துக்கு எல்லோரும் இயாவுக்கு ஓடுவார்கள். முடிந்ததும் அத்தனை கூட்டமும் ஒரே நேரத்தில் பேருந்துக்கு வரும், அம்மாவை வைத்துக்கொண்டு அதில் நிற்காதீர்கள். இயாவுக்குக் காலை முதல் பேருந்தில் போங்கள், நாள்காட்டிப் படம் அப்போதுதான் ஆளில்லாமல் கிடைக்கும். மாலையில் ஃபிராவிலிருந்து ஃபிரோஸ்தெஃபானிக்குக் கால் மணி நேரம் மெல்ல நடங்கள். அந்த வாரத்தில் ஆறே முக்கால் வாக்கில் சூரியன் இறங்கும்.

அக்ரோதிரியை மட்டும் விடாதீர்கள். ஆளுக்கு 20 யூரோ, எனக்கு அது தகும். ஏறக்குறைய 3,600 ஆண்டுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்த நகரம், 1967-இல் தோண்டத் தொடங்கினார்கள். மாடி வீடு, கழிவுநீர்க் கால்வாய், வரிசையாகச் சாடிகள். மனித எலும்புக்கூடு மட்டும் கிடைக்கவில்லை. வெடிப்பதற்கு முன்பே கிளம்பிப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு சுவரில் இருந்த நீலக் குரங்கு ஓவியம் ஃபிரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாலை மேலே வளைத்துத் தூக்கிப் பிடித்திருப்பதை வைத்து, அது நம் நாட்டுச் சாம்பல் மந்திதான் என்று ஆய்வாளர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். அழகர் மலையில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வால் எப்படித் தெரிகிறதென்று அம்மாவைக் கேட்டுச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு: ஃபாவா (பருப்பு மசியல்), தக்காளி வடை (தோமதோகெஃப்தேதெஸ்), கீரை அடை, இறைச்சி இல்லாமல் உருளை வறுவல் வைத்த பிதா ரொட்டி. 'நிஸ்தீசிமோ' என்று கேளுங்கள், விரதச் சாப்பாடு. பால், முட்டை, இறைச்சி இருக்காது. ஆனால் கணவாய், இறால் வரலாம், அதையும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

மதுரைக்காரி (திரும்பி வந்த பிறகு):

நேற்று வந்துவிட்டோம். கணக்கை முதலில் சொல்கிறேன்: கப்பல் 178, தீவு அறை கட்டணத்தோடு 180, பிரேயஸும் ஏதென்ஸும் மூன்று இரவு 147, விமான நிலையப் பேருந்து 22, மீதியெல்லாம் சாப்பாடு, தீவுப் பேருந்து, நுழைவுச்சீட்டு. மொத்தம் 741.

கடலோடி அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வியாழன் திரும்பும்போதே கப்பல் ஆடியது. வெள்ளி காலை மொனாஸ்டிராகி சதுக்கத்தில் அக்ரோபோலிஸை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது (மேலே ஏற ஆளுக்கு 30 யூரோ, ஏறவில்லை) கைபேசியில் பார்த்தேன், அன்று நாங்கள் முதலில் நினைத்திருந்த கப்பல் கிளம்பவில்லை.

நெய்தல் அக்கா, மந்தியை அம்மா பார்த்ததும் "ஆமாம், அதேதான்" என்றார், அவ்வளவுதான். ஆனால் ஃபாவாவைப் பற்றித்தான் நிறையப் பேசினார். சிறு தட்டில் மஞ்சளாக மசித்த பருப்பு, மேலே பச்சை வெங்காயம், ஆலிவ் எண்ணெய், ஓரத்தில் எலுமிச்சை. விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "இது கடைஞ்ச பருப்புதானே, கடுகு மட்டும் தாளிக்கல" என்றார். கடைக்கார அம்மாவைக் கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். அந்த அம்மா சிரித்துவிட்டு உள்ளே போய், ஊற வைக்காத பருப்பை ஒரு கை அள்ளி வந்து காட்டினார். சந்தையில் அரைக் கிலோ வாங்கி வந்திருக்கிறோம். இன்று இரவு கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்துப் பார்க்கப் போகிறோம்.