கல்யாண ஃபுட்டேஜுக்கு எந்த போர்ட்டபிள் எஸ்எஸ்டி? எடிட்டிங், பேக்கப் இரண்டுக்கும் வேண்டும்

நாங்குநேரி ஸ்டூடியோ:

வணக்கம். நாங்குநேரியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். நானும் தம்பியும் மட்டும்தான். ஆடி பிறந்துவிட்டது, இந்த மாதம் முகூர்த்தம் கிடையாது. ஆவணி தொடங்குவதற்குள் ஒரு நல்ல போர்ட்டபிள் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் மெமரி சிப்பில் எழுதும், கையில் எடுத்துப்போகும் டிரைவ்) வாங்கிவிட வேண்டும். பட்ஜெட் 20,000 ரூபாய்.

இப்போது அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் எடுத்த ஒரு கல்யாணம். ஆல்பம், வீடியோ எல்லாம் கொடுத்து முடித்தாயிற்று. போன மாதம் பெண்ணின் அண்ணன் கடைக்கு வந்தார். அவர்களுடைய தாய்மாமா தவறிவிட்டாராம். "பந்தியில் மாமா ரசவாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாரே, நீங்கள் எடுத்தீர்கள், அந்த வீடியோ மட்டும் வேண்டும்" என்றார். எடுத்தது எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு பாட்டியின் இலை முன்னால் குனிந்து காதில் ஏதோ சொல்வார், பாட்டி கையை ஓங்குவார், இரண்டு பேரும் சிரிப்பார்கள். பந்தி மூன்று நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்று அதை ஃபைனலில் வெட்டிவிட்டேன். ஒரிஜினல் இருந்த 2 டிபி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் டக், டக் என்று சத்தம் மட்டும் வருகிறது. வேறு காப்பி இல்லை. "சரி அண்ணே, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

ஒரு கல்யாணத்துக்குச் சேரும் டேட்டா இது: கேண்டிட் கேமராவில் 4கே இரண்டு மணி நேரம், டிரெடிஷனல் கேமராவில் எச்டி ஆறு மணி நேரம், ராவ் போட்டோ சுமார் 2,000, கொஞ்சம் டிரோன். எல்லாம் சேர்த்து 300 ஜிபி வரும். விண்டோஸ் லேப்டாப், எடிட்டிங் டாவின்சி ரிசால்வ் சாஃப்ட்வேரில். டைம்லைன் இப்போது திக்கித் திக்கித்தான் ஓடுகிறது. 2,000 எம்பி வேகம் என்று போட்டிருப்பதை வாங்கினால் சரியாகிவிடுமா? அதிலேயே எடிட் செய்து, அதிலேயே பேக்கப்பும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம்.

மதுரை எடிட்டிங் டேபிள்:

தம்பி, பதினாறு வருடமாகக் கல்யாண வீடியோதான் வெட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பதிவில் கடைசி வரிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எடிட் செய்யும் டிரைவும் பேக்கப் டிரைவும் ஒன்றாக இருக்கக்கூடாது. அப்படி வைத்தால் உங்களிடம் இருப்பது பேக்கப் இல்லை, ஒரே ஒரு காப்பி. உங்கள் ஹார்ட் டிஸ்க் பழசு என்பதால் மட்டும் வீடியோவில் இருந்த அந்த மாமா போகவில்லை. அவர் ஒரே இடத்தில் இருந்ததால் போனார். நாளைக்கு 25,000 ரூபாய் எஸ்எஸ்டி வாங்கி அதில் ஒரு காப்பி மட்டும் வைத்தாலும் இதே கதைதான்.

வேகத்துக்கு வருவோம். 4கே 25 ஃபிரேமில் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்று கேமராவில் வைத்திருப்பீர்கள். எட்டு பிட் ஒரு பைட், எனவே எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பி. மணிக்கு 45 ஜிபி. மூன்று கேமராவை மல்டிகேமில் ஒன்றாக ஓட்டினாலும் நொடிக்கு 40 எம்பி தாண்டாது. அப்படியானால் 2,000 எம்பி டிரைவ் எதற்கு? டைம்லைன் திக்குவது பெரும்பாலும் டிஸ்க்கால் அல்ல. எச்.265 என்று இறுக்கிச் சுருக்கிய, அதிலும் நிறத் தகவல் கூடுதலாக உள்ள 10 பிட் 4:2:2 ஃபைலை விரித்துப் படிக்க லேப்டாப் திணறுகிறது. ரிசால்வில் பிராக்ஸி (எடிட் செய்ய மட்டும் எளிதாக்கிய காப்பி) போட்டுப் பாருங்கள், பழைய லேப்டாப்பும் வழுக்கிக்கொண்டு ஓடும். ஹார்ட் டிஸ்க்கில் சிரமம் எங்கே என்றால், டைம்லைனில் இங்கும் அங்கும் தாவும்போது அதன் முள் தேடி ஓட வேண்டும். எஸ்எஸ்டியில் முள் இல்லை, தேடல் இல்லை. எடிட்டிங்குக்கு எஸ்எஸ்டி வாங்க அது ஒன்றே போதுமான காரணம்.

காப்பி செய்வதிலும் இதே கணக்குதான். கேமராவில் போடும் சாதாரண யூஎச்எஸ்-1 மெமரி கார்டு நொடிக்கு 90 எம்பி கொடுத்தால் அதிகம். 300 ஜிபி இறக்க ஏறக்குறைய 55 நிமிடம். அந்தப் பக்கம் எவ்வளவு வேகமான டிரைவ் வைத்தாலும் அதே 55 நிமிடம். மண்டபத்தில் கார்டு காலியாகும்வரை காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் நல்ல கார்டும் நல்ல ரீடரும் வாங்குங்கள்.

போர்ட்டையும் பாருங்கள். யூஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் ஒன்றுதான், பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது. 5 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 5 கிகாபிட்), நடைமுறையில் நொடிக்கு 400 சொச்சம் எம்பி. ஜென் 2 என்றால் 10 ஜிபிபிஎஸ், நொடிக்கு சுமார் 1,000. ஜென் 2x2 என்றால்தான் 20 ஜிபிபிஎஸ், அந்த 2,000 கணக்கு. சாம்சங் டி9 போன்றவை இந்த ரகம். உங்கள் லேப்டாப்பில் 2x2 போர்ட் இல்லையென்றால் அது 10 ஜிபிபிஎஸ்ஸில்தான் ஓடும், கூடுதல் காசு வீண். சாம்சங் டி7 (1,050 எம்பி) வகையே உங்கள் வேலைக்குத் தாராளம். டி7 ஷீல்டு என்றால் ரப்பர் உறை, தூசிக்கும் தண்ணீர்த் தெறிப்புக்கும் ஐபி65. பைக்கில் மண்டபம் மண்டபமாக அலைகிறவர்களுக்கு அதற்குக் கூடக் கொடுக்கலாம்.

அப்புறம் கேபிள். என்னிடம் வேலை செய்த பையன் ஒருநாள் "எஸ்எஸ்டி போய்விட்டது அண்ணா, 38 எம்பிதான் வருகிறது" என்று முகம் வெளிறிப்போய் நின்றான். செருகியிருந்தது போன் சார்ஜர் கேபிள். அதில் யூஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டும்தான் இருக்கும். அன்றிலிருந்து டிரைவோடு வந்த கேபிளில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறோம். சிவப்பு டேப் கேபிளில் யாரும் போன் சார்ஜ் போடக்கூடாது என்பது எங்கள் கடை விதி.

பெட்டியில் போடாத ஒரு விஷயம் உண்டு: உள்ளே இருப்பது டிஎல்சியா, க்யூஎல்சியா? டிஎல்சி என்றால் ஒரு செல்லில் மூன்று பிட், க்யூஎல்சி என்றால் நான்கு. க்யூஎல்சி மலிவு, ஆனால் எழுதுவதில் மந்தம். அதை மறைக்க முன்னால் ஒரு வேகமான கேஷ் பகுதி இருக்கும். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் அந்தக் கேஷின் வேகம். கார்டிலிருந்து இறக்கும்போது உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. லேப்டாப்பிலிருந்து 300 ஜிபியை மொத்தமாகத் தள்ளிப் பாருங்கள். கேஷ் நிரம்பியதும் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கு இறங்கிவிடும். டிரைவ் முக்கால்வாசி நிரம்பியிருந்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும். பெயரைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. குரூஷியல் எக்ஸ்9 க்யூஎல்சி, எக்ஸ்9 ப்ரோ டிஎல்சி. ஒரு "ப்ரோ"வில் உள்ளே இருப்பதே மாறிவிடுகிறது.

என் யோசனை: 1 டிபி டிஎல்சி எஸ்எஸ்டி ஒன்று. மூன்று கல்யாணம் தாங்கும், எடிட்டிங் முடிந்ததும் காலி செய்துகொண்டே வாருங்கள். மிச்சக் காசுக்குப் பேக்கப்புக்கென்று சாதா ஹார்ட் டிஸ்க், ஒன்று அல்ல, இரண்டு. இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கக்கூடாது.

ரிச்சி தெரு சர்வீஸ் பெஞ்ச்:

மதுரைக்காரர் சொன்னது அத்தனையும் சரி. நான் டேட்டா ரெக்கவரி பார்க்கிறவன், என் மேஜைக்கு வருவதை வைத்துச் சிலது சொல்கிறேன்.

ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன்னால் பல சமயம் சொல்லிவிட்டுத்தான் சாகும். சத்தம் வரும், ஃபோல்டர் திறக்கத் தாமதமாகும். எஸ்எஸ்டி அப்படி இல்லை. நேற்று இரவு ரெண்டர் போட்டிருப்பார்கள், காலையில் கம்ப்யூட்டருக்கு அது கண்ணிலேயே படாது. டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப் போய்விட்டால், உள்ளே ஹார்டுவேர் என்கிரிப்ஷன் உள்ள மாடல்களில் மெமரி சிப்பைக் கழற்றிப் படித்தாலும் பயன் இல்லை. தவறி அழித்த ஃபைலும் அப்படித்தான். அழித்த ஃபைலின் இடத்தைத் துடைக்கும் டிரிம் கட்டளை ஓடிவிட்டால் மீட்க முடியாது. என் முன்னால் உட்கார்ந்து அழுதவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் ஆடிக் கழன்று வருகிற கேஸ்தான் என்னிடம் நிறைய. லேப்டாப் மடியில், எஸ்எஸ்டி கேபிளில் தொங்கிக்கொண்டிருக்கும். மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓட வேண்டும் என்று எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் வைத்திருப்பார்கள். அதில் ஜர்னல் (எழுதும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது, பாதியில் பிடுங்கினால் ஃபோல்டர் பட்டியலே குழம்பிவிடும். நீங்கள் விண்டோஸில் மட்டும் வேலை செய்வதால் என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்யுங்கள். லேப்டாப் மூடியின் பின்னால் ஒட்டுப்பட்டை வைத்து எஸ்எஸ்டியை ஒட்டிவிடுங்கள், தொங்கக் கூடாது. வேலை முடிந்ததும் "ஈஜெக்ட்" கொடுக்காமல் எடுக்காதீர்கள்.

எஸ்எஸ்டியில் போட்டுப் பூட்டி வைத்துவிட்டு வருடக்கணக்கில் மறந்துவிடுவதும் தப்பு. அதில் தகவல் மின்னூட்டமாகத்தான் நிற்கிறது, கரன்ட் இல்லாமல் நாளாக ஆகக் கசியும். எழுதி எழுதித் தேய்ந்து ஆயுள் எல்லைக்கு வந்துவிட்ட எஸ்எஸ்டி, 30 டிகிரி வெப்பத்தில் கரன்ட் இல்லாமல் ஒரு வருடம் தாங்கினால் போதும் என்பதுதான் ஜெடெக் (சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு) தரவிதி. புது டிரைவ் அதைவிட வெகுகாலம் தாங்கும். ஆனால் சித்திரை மாதத்தில் பூட்டிக் கிடக்கும் ஸ்டூடியோ 30 டிகிரியிலா இருக்கும்? நாள்பட்ட சேமிப்புக்கு ஹார்ட் டிஸ்க் என்று நாங்கள் சொல்வது அதனால்தான். அதையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகி, நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்று. ஆன்லைனில் 16 டிபி எஸ்எஸ்டி இரண்டாயிரம் ரூபாய் என்று வரும். திறந்து பார்த்திருக்கிறேன், உள்ளே ஒரு மெமரி கார்டு ஒட்டியிருந்தது. 16 டிபி என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்ல அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உண்மையான கொள்ளளவு நிரம்பியதும் எழுதுவதெல்லாம் காற்றோடு போகும், காப்பி முடிந்தது என்றே காட்டும். எந்தப் பிராண்டு வாங்கினாலும் முதல் நாளே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற புரோகிராமை ஓட்டி, முழுக்க எழுதி முழுக்கப் படித்துச் சரிபாருங்கள். திருப்பிக் கொடுக்கும் தேதி முடிவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும்.

வாரண்டி மூன்று வருடமா, ஐந்து வருடமா என்று பார்த்து வாங்குவது நல்லதுதான். ஆனால் வாரண்டியில் வருவது புது டிரைவ், உங்கள் ஃபுட்டேஜ் இல்லை.

அந்தப் பழைய டிஸ்க்கைப் பற்றி: தயவுசெய்து இனிமேல் அதைச் செருகாதீர்கள். டக் டக் சத்தம் என்றால் ஹெட் (தட்டைப் படிக்கும் முள்) பழுதாகியிருக்கலாம். ஒவ்வொரு முறை கரன்ட் கொடுக்கும்போதும் தட்டில் கீறல் விழ வாய்ப்பு உண்டு. ஃப்ரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். தூசி புகாத அறை வசதி உள்ள இடத்தில் காட்டினால் ஹெட் மாற்றிப் படிக்க வழி இருக்கலாம். செலவு ஆகும், உறுதியும் சொல்ல முடியாது. ஆனால் கதை இன்னும் முடியவில்லை.

கோவை மேக்புக்:

ஒரே ஒரு குறிப்பு. மேக் வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால், யூஎஸ்பி 3.2 ஜென் 2x2 மேக்கில் 20 ஜிபிபிஎஸ் ஓடாது, 10-க்கு இறங்கிவிடும். நான் தெரியாமல் வாங்கிவிட்டு ஒரு வாரம் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். மேக்கில் அதைவிட வேகம் வேண்டுமானால் தண்டர்போல்ட் அல்லது யூஎஸ்பி4 டிரைவ்தான்.

நாங்குநேரி ஸ்டூடியோ:

அண்ணாச்சிமார் எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

1 டிபி டிஎல்சி டிரைவ் ஒன்று, 10 ஜிபிபிஎஸ், திருநெல்வேலியில் பில் போட்டு வாங்கினேன். அன்று இரவே எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டினேன், பிழை எதுவும் இல்லை. அடுத்த நாள் லேப்டாப்பிலிருந்து ஒரு முழுக் கல்யாணத்தைத் தள்ளினேன். முதலில் 420 எம்பியிலேயே நின்றது. என் லேப்டாப்பின் சாதா யூஎஸ்பி 5 ஜிபிபிஎஸ்தான் என்று அப்போதுதான் புரிந்தது. டைப் சியில் மாற்றினேன், 800-க்கு மேல் போனது, கடைசிவரை பெரிதாக இறங்கவில்லை. ரிசால்வில் பிராக்ஸி போட்டேன். டைம்லைன் திக்கவே இல்லை. இதற்குக் காசே செலவாகவில்லை என்பது இன்னும் நம்ப முடியவில்லை.

மிச்சக் காசோடு கொஞ்சம் கைக்காசும் போட்டு 2 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கினேன். ஒன்று ஸ்டூடியோவில். இன்னொன்று வள்ளியூரில் அக்கா வீட்டில், ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும் தம்பி எஸ்எஸ்டியைக் கொண்டுபோய் அதில் காப்பி எழுதிவிட்டு வருவான். இரண்டிலும் ஏறி, நான்கைந்து ஃபைலைத் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்வது என்று முடிவு செய்திருக்கிறோம். சிவப்பு டேப்பும் சுற்றியாயிற்று.

பழைய டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறேன். பார்ப்பதற்கே ஒரு கட்டணம் கேட்டார்கள், கட்டிவிட்டேன். அந்த அண்ணனிடம் எதுவும் சொல்லவில்லை. கிடைத்தால் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

ரிச்சி தெரு சர்வீஸ் பெஞ்ச்:

அனுப்பியது நல்லது. அவர்களிடம் முழு டிஸ்க்கையும் கேட்காமல், அந்தக் கல்யாணத் தேதியையும் ஃபோல்டர் பெயரையும் முதலில் சொல்லிவிடுங்கள். ஹெட் மாற்றிய டிஸ்க் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாது. பந்தி ஃபைலை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.