பிளஸ் டூ மாணவிக்கு ஐந்து மாதமாகத் தலைவலி, கைவலி: படிப்பை எப்படிக் கொண்டுபோவது?

வகுப்பாசிரியர்:
உயிரியல் பிரிவு மாணவி. பிடரியில் தொடங்கி நெற்றி வரை வலி, வாரத்தில் நான்கு நாளாவது. எழுத ஆரம்பித்து 45 நிமிடத்தில் வலது மணிக்கட்டும் பிடித்துக்கொள்கிறது. ஸ்கேன், ரத்தம், கண் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. வீட்டில் "டெஸ்ட்னா மட்டும் தலைவலி வந்துடுமே" என்கிறார்கள். வலி இல்லாத நாளில் விடிய விடியப் படிக்கிறாள், அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுகிறாள். வாரத் தேர்வுகளை விட்டுவிடச் சொல்லலாமா? பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்குமா?

பிசியோ:
விடச் சொல்லாதீர்கள் டீச்சர், பாடம் சேரச் சேர பயம்தான் கூடும். முழு வினாத்தாளுக்குப் பதில் பாதி கொடுங்கள்.

3 மாதம் தாண்டினாலே நாள்பட்ட வலிதான். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் கட்டி, எலும்பு முறிவு மாதிரி எதுவும் தென்படவில்லை என்று அர்த்தம். வலி பொய் என்று அர்த்தமில்லை. நரம்புகள் எப்போதும் உஷாராகவே இருந்து பழகினால் லேசான தசை இறுக்கம்கூட வலியாகத் தெரியும். தூக்கம் குறைந்தாலும் பதற்றம் ஏறினாலும் அது இன்னும் கூடும். டெஸ்ட் அன்று வலிப்பது நடிப்பில்லை என்று பெற்றோரிடம் இதைச் சொல்லியே புரியவைக்கலாம்.

பெரிய சிக்கல் அந்த விடிய விடியப் படிப்புதான். ஒரு வாரம், எத்தனையாவது நிமிடத்தில் வலி தொடங்குகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். 45 என்றால் 35-இல் அலாரம். வலி இல்லாத நாளிலும் அலாரம் அடித்தால் எழுந்தே ஆக வேண்டும் (இந்த ஒன்றைத்தான் பிள்ளைகள் கேட்பதே இல்லை). 5 நிமிடம் நடை. தாடையை நேராகப் பின்னுக்கு இழுத்து 5 வினாடி, 10 முறை. பிறகு அடுத்த 35. ஒரு வாரம் சிரமமில்லாமல் போனால் 3 நிமிடம் கூட்டலாம். வலி அதிகமான நாளில் நேரத்தைப் பாதியாக்கலாம், பூஜ்யமாக்கக் கூடாது.

மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். பரீட்சை அட்டைக்கு அடியில் இரண்டு தடித்த புத்தகம் வைத்துச் சாய்த்தால் கழுத்து அவ்வளவு குனியாது. அழுத்தி எழுதும் பால்பாயிண்ட் வேண்டாம், பிடி தடித்த ஜெல் பேனா போதும். தூக்கம் 8 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

மருந்தாளுநர்:
மாத்திரை போடுகிறாளா? மாதத்தில் எத்தனை நாள்?

வகுப்பாசிரியர்:
பாராசிட்டமால். 20 நாளாவது இருக்கும், நாலு மாதமாக.

மருந்தாளுநர்:
அப்படியானால் மாத்திரையே தலைவலியைப் பிடித்துவைத்திருக்கலாம். பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ மாதம் 15 நாளுக்கு மேல், 3 மாதத்துக்கு மேல் போனால் இது நடக்கும். காஃபீன் கலந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாளே போதும். நிறுத்தினால் 2 முதல் 10 நாள் வரை வலி முன்பைவிட மோசமாகும், அதில் பயந்து மறுபடி போட்டுவிடுவார்கள். அதனால் அரையாண்டுத் தேர்வு வாரத்தில் நிறுத்தாமல், விடுமுறை தொடங்கும்போது மருத்துவர் சொல்படி செய்யுங்கள்.

விடிகாலை வாந்தியோடு வலி, இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம், காய்ச்சல், எடை குறைவு: இதில் ஒன்று இருந்தாலும் பழைய ஸ்கேனை நம்பி உட்காராமல் உடனே மருத்துவமனை. காலையில் மணிக்கட்டு வீங்கி, அரை மணிக்கு மேல் விறைப்பாக இருந்தால் மூட்டுவாத மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஓய்வு தலைமையாசிரியர்:
கூடுதல் நேரத்துக்கு 40% மாற்றுத்திறன் சான்று கட்டாயம் என்று பல பள்ளிகளில் இன்னும் சொல்கிறார்கள். எழுதுவதில் சிரமம் உள்ளவருக்கு அந்த 40% தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது. மத்திய அரசு 2022 ஆகஸ்டில் வழிகாட்டுதலும் வெளியிட்டது: சொல்வதை எழுதுபவர், அல்லது மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல். 3 மணித் தேர்வுக்கு 1 மணி.

சான்று அரசு மருத்துவமனையில்தான் வாங்க வேண்டும். அதில் 'தலைவலி' என்று மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், 'எழுதுவதில் சிரமம்' என்று தெளிவாக இருக்கணும். உங்கள் மாணவிக்கு மணிக்கட்டை வைத்துத்தான் கேட்க முடியும். தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகட்டும். ஹால் டிக்கெட் வந்தபின் ஓடிப் பயனில்லை. நீட் எழுதுகிறாள் என்றால் அது தனி, அந்த விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும்.

இரவில் அழுகை, பதற்றம் என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.