பழைய கார்: வெள்ளித்தாள் ஒட்டியும் சூடும் இரைச்சலும் குறையவில்லை, எங்கே தப்பு?

துருப்பிடித்தவன்:
வணக்கம். என்னுடையது 1965 மாடல் நான்கு கதவு கார், கார்புரேட்டர் எஞ்சின், ஏசி கிடையாது. போன மாதம் சீட், கார்பெட் எல்லாவற்றையும் கழற்றி, அடியில் மட்கிக் கிடந்த சணல் ஃபெல்ட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தரை முழுக்கக் குமிழ் குமிழாக இருக்குமே, அந்த வெள்ளித்தாளை ஒட்டி அதன் மேலேயே கார்பெட்டை இறுக்கிப் போட்டேன். மிச்சமிருந்த தார் ஷீட்டைக் கூரையின் உள்பக்கம் ஒட்டினேன். முதுகு போனதுதான் மிச்சம். அரை மணி நேரம் ஓட்டினால் கியர் பக்கத்துக் கால் வேகிறது, வேகம் 60-ஐத் தாண்டினால் பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறது, வெயிலில் நிறுத்தினால் உள்ளே புதிதாக ரோடு போட்ட வாசனை வேறு. மேலே இன்னொரு அடுக்கு ஒட்டட்டுமா?

ஸ்பானர்:
வேண்டாம் நண்பா, முதலில் அந்தக் கத்திரிக்கோலைக் கீழே வையுங்கள்.

வெள்ளித்தாள் கதிர்வீச்சாக வரும் வெப்பத்தைத்தான் திருப்பி அனுப்பும். அதற்கு ஒரு பக்கமாவது காற்று இடைவெளி இருக்க வேண்டும். நீங்கள் தரைத் தகட்டுக்கும் கார்பெட்டுக்கும் நடுவில் நசுக்கி வைத்திருக்கிறீர்கள். குமிழ்கள் மிதிபட்டு உடைந்திருக்கும், அலுமினியமோ சூட்டை நன்றாகவே கடத்தும், அப்புறம் அது எதைத் தடுக்கும்? இரைச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, எடையே இல்லாத பொருள் சத்தத்தை நிறுத்தாது.

சத்தத்தில் இரண்டு வகை. ஒன்று தகடு அதிர்வது. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், "டொய்ங்" என்று இழுத்தால் அதிர்கிறது என்று அர்த்தம். அங்கே அலுமினிய முதுகு வைத்த பியூட்டைல் (பிசுபிசுவென்று ஒட்டும் ஒரு வகை ரப்பர்) பட்டையை ஒட்டி ரோலரால் அழுத்தினால் "தொப்" என்று அடங்கிவிடும். முழுத் தகட்டையும் மூட வேண்டியதில்லை, ஒவ்வொரு தட்டைப் பகுதியின் நடுவிலும் கால்வாசி, மிஞ்சினால் பாதி போதும். இன்னொன்று காற்று வழியாக வருவது. அதற்கு எடைகூடிய வினைல் விரிப்பு வேண்டும், சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவில் வரும். அடியில் நீர் உறிஞ்சாத மூடிய செல் ஃபோம் போட்டு அதன் மேல் மிதக்க விட வேண்டும்.

இருட்டில் டார்ச்:
ஸ்பானர் சொன்னது சரி, ஆனால் இதெல்லாம் வாங்கும் முன் ஓட்டையைத் தேடுங்கள். ஒரு சுவரின் பரப்பில் 1 சதவீதம் ஓட்டை இருந்தால் மிச்சம் 99 சதவீதத்தை எவ்வளவு கனமாகக் கட்டினாலும் தடுப்பு சுமார் 20 டெசிபெலைத் தாண்டாது. கார்பெட்டைத் தூக்கிவிட்டு, ராத்திரி எஞ்சின் அறைக்குள் ஒரு பிரகாசமான விளக்கை வைத்து, பானெட்டை முடிந்த அளவு சாத்தி, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பாருங்கள். பழைய கார் என்றால் ஓட்டை வழியே வெளிச்சம் நட்சத்திரம் மாதிரித் தெரியும். எஞ்சினை ஓட விட்டு இதைச் செய்யாதீர்கள். அந்த வழியாகச் சூடும் சத்தமும் மட்டுமல்ல, புகையும் வரும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

அப்படியே காருக்கு அடியில் சைலன்சர் குழாய் தகட்டிலிருந்து எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்றும் அளந்து சொல்லுங்கள்.

துருப்பிடித்தவன்:
பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. எப்போதோ கழற்றிய ஹீட்டர் குழாய்க்கான இரண்டு ஓட்டைகள் திறந்தே கிடக்கின்றன, ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் நுழைகிறது. ஸ்பீடோமீட்டர் கேபிளைச் சுற்றியிருந்த ரப்பர் கல்லாகி, தொட்டதும் உதிர்ந்துவிட்டது. கியர் ராடு ரப்பர் உறை கார்பெட்டுக்கு அடியில் பாதி சுற்றுக்குக் கிழிந்திருக்கிறது, அதுவும் என் கால் வேகும் இடத்திலேயே. சைலன்சர் குழாயைத் தாங்கும் ரப்பர் வளையம் தளர்ந்து, குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து தகட்டிலிருந்து ஒரு விரல் அகலத்தில் ஓடுகிறது.

ஸ்பானர்:
ஆள் அகப்பட்டார். ரப்பர் வளையத்தையும் உறையையும் மாற்றுங்கள், ஓட்டைகளுக்குத் தகடு வைத்து சீலன்ட் போடுங்கள், கேபிளுக்குப் புது ரப்பர். குழாய்க்கும் தரைக்கும் நடுவே, வெளிப்பக்கம், மெல்லிய அலுமினியத் தகட்டை வாஷர் வைத்து 10 மில்லிமீட்டராவது தள்ளி போல்ட் போட்டு மாட்டுங்கள். வெள்ளித்தாளிடம் நீங்கள் எதிர்பார்த்த வேலையை இதுதான் செய்யும். சூட்டை உள்ளே வந்த பிறகு மடக்குவதைவிட வாசலிலேயே மடக்குவது சுலபம்.

கூரைக்காரர்:
எல்லாரும் தரையையே பேசுகிறீர்கள், அந்த வாசனை? கூரைத் தார் ஷீட் வெயிலில் இளகுகிறது. இப்போதே கழற்றாவிட்டால் ஒருநாள் தலைமேல் துணியோடு தொங்கும். ஹாட் கன்னால் லேசாகச் சூடாக்கி, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள். வெளிப் பெயின்ட்டைக் கையால் தொட்டுக்கொண்டே செய்யுங்கள், கை பொறுக்காத சூடு என்றால் நிறுத்திவிடுங்கள். பிறகு கூரையில் கொஞ்சம் பியூட்டைல், மேலே லேசான ஃபோம், போதும். அங்கே எடையை ஏற்றாதீர்கள்.

இன்னொன்று, கதவுக்குள் ஒட்டும் ஆசை வரும். ஒட்டுங்கள், ஆனால் கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளை மூடிவிடாதீர்கள். சீட் போல்ட், பெல்ட் போல்ட் உட்காரும் இடங்களையும் வெறும் இரும்பாகவே விடுங்கள். நடுவில் மெத்தென்று ஏதாவது இருந்தால் போல்ட் தளர்ந்துபோகும்.

துருப்பிடித்தவன்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஓட்டைகளை அடைத்து, வளையம், உறை மாற்றி, அடியில் தகடு மாட்டினேன். உள்ளே புதிதாக எதுவுமே ஒட்டாமல் ஓட்டிப் பார்த்தேன், கால் வேகவில்லை! இத்தனை நாள் பழைய காரின் வாசனை என்று நான் நினைத்திருந்த பெட்ரோல் நெடியும் போய்விட்டது. வெள்ளித்தாளை உரித்தபோது அடியில் ஈரம், ஓரிடத்தில் புதுத் துரு. சுரண்டி ப்ரைமர் அடித்துக் காயவிட்டிருக்கிறேன். தட்டிப் பார்த்ததில் பின்சீட்டுக்கு அடியிலும் டிக்கித் தரையிலும்தான் "டொய்ங்" பலமாக இருக்கிறது, அங்கே மட்டும் பியூட்டைல் போடப் போகிறேன்.

ஒரு சந்தேகம் மிச்சம். 70-ல் முன்பக்க முக்கோணக் கண்ணாடியிலிருந்து விசில் வருகிறது.

இருட்டில் டார்ச்:
ஒரு காகிதத் துண்டை ரப்பரில் வைத்து அந்தக் கண்ணாடியை மூடி, இழுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் பிடிக்காமல் வருகிறதோ அங்கேதான் விசில். ரப்பர் புதிதாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள், சிலிக்கானைப் பூசிவிடாதீர்கள், அப்புறம் கண்ணாடியைத் திறக்கவே முடியாது. ஏசி இல்லாத காரில் அந்த ஜன்னல்தான் காற்று.