புதுப்பிப்பு: ராமேஸ்வரத்தை அடுத்த மண்டபம் ஊர் அருகே கம்பியில்லா உணரிகள் இரவில் தொடர்பிழந்ததன் காரணம்

எங்கள் பொதுக் கட்டடத்தில் கடலைப் பார்த்த வடபுறக் கதவுகளின் கம்பியில்லாப் பாதுகாப்பு உணரிகள் (கதவு திறப்பதை அறிந்து சொல்லும் கருவிகள்) மட்டும் நள்ளிரவுக்குப் பின் தொடர்பிழப்பதாகவும், மல்டிமீட்டரில் பேட்டரிகள் சரியாகவே 3 வோல்ட் காட்டுவதாகவும் முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

பாக் விரிகுடாவிலிருந்து வாடைக்காற்று கொண்டுவரும் உப்பு ஈரம் மூடியின் இடுக்கு வழியே புகுந்து, பேட்டரியைத் தொடும் உலோகத் தகடுகளில் பச்சைக் களிம்பாகப் படிந்திருந்தது. சும்மா இருக்கும்போது மின்னழுத்தம் குறைவதில்லை. ஆனால் உணரி தன் நிலையை அறிவிக்க அலைபரப்பும் கணத்தில் மின்னோட்டம் கூடுவதால், களிம்பின் மின்தடையில் அழுத்தம் சரிந்து, அந்தச் செய்தி, பாதுகாப்பு அமைப்பின் கட்டுப்பாட்டுப் பலகையைச் சேராமலே போய்விடுகிறது. லித்தியம் பேட்டரி ஏறக்குறைய தீரும்வரை ஒரே அழுத்தத்தைக் காட்டும் என்பதால், சுமையின்றி, அதாவது மின்னோட்டம் எடுக்காத நிலையில், அளந்து நான் ஏமாந்தேன்.

தகடுகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ரப்பர் வளையங்களை மாற்றிய பின் பத்து இரவுகளாகத் தொடர்பு அறுபடவில்லை. கதவு திறப்பதை உணரும், கண்ணாடிக் குழாய்க்குள் அடைபட்ட காந்தச் சுவிட்சுகளுக்கு ஒரு சேதமும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பார்க்கும் பராமரிப்பு ஒப்பந்தம் இந்தக் கரைக்கு ஒருபோதும் போதாது என்பது என் உறுதியான கருத்து. ஐப்பசி பிறக்கும் முன் ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்க்க வேண்டும். இரும்பு ஷட்டருக்குப் பின்னுள்ள ஓர் உணரியின் அலை இன்னும் பலவீனமாகவே உள்ளது. அதற்கும் பலகைக்கும் இடையே, அலையை வாங்கி மீண்டும் பரப்பும் ஒரு ரிப்பீட்டர் பொருத்தவிருக்கிறோம்.