துமாசிக்கை (சிங்கப்பூரின் பழைய பெயர்) முதலில் எழுதி வைத்தது யார்? சோழனா, சீன வணிகரா?

தேக்காவாசி:
பேரனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். 1299ல் சாங் நீல உத்தமா என்ற இளவரசன் இங்கே சிங்கத்தைப் பார்த்து ஊருக்குப் பெயர் வைத்தான் என்று ஆரம்பிக்கிறான். 1025லேயே ராஜேந்திர சோழன் கப்பல்கள் இந்தக் கடலுக்கு வந்துவிட்டனவே! செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் ஏட்டிலும் கலிங்கத்து ராஜா சூரான் துமாசிக் வரை வருகிறான். சூரான் என்றால் சோழன்தானே? நம்மவன் வந்ததை மட்டும் ஏன் யாரும் பேசுவதில்லை?

கல்வெட்டுக்கிறுக்கன்:
அண்ணே, அந்தக் கதையை முழுசாகப் படியுங்கள். சூரான் சீனாவைப் பிடிக்கக் கிளம்பி துமாசிக் வந்து சேர்கிறான். சீனத்து ராஜா ஒரு கப்பல் நிறையப் பல் போன கிழவர்களை ஏற்றி, காய்த்த மரங்களையும் துருப்பிடித்த ஊசிகளையும் வைத்து அனுப்புகிறார். "கிளம்பும்போது நாங்கள் பையன்கள், இந்த மரங்கள் விதைகள், இந்த ஊசிகள் கைத்தடிமன் இரும்புக் கம்பிகள்" என்கிறார்கள் கிழவர்கள். அவ்வளவு தூரமா என்று சூரான் திரும்பிவிடுகிறான். சுவையான கதைதான். ஆனால் இதை வைத்துப் படையெடுப்பை நிறுவ முடியுமா? நம்மிடம் உள்ள பழைய வடிவமே 1612ஐத் தன் முன்னுரையில் சொல்கிறது.

ராஜேந்திரன் என்ன சொல்கிறான்? தஞ்சைக் கல்வெட்டில் ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், கடாரம் என்று ஊர் ஊராக வருகிறது. நக்கவாரத்துச் (நிக்கோபார்) சோலையில் ஒழுகும் தேனைக்கூட விடவில்லை. துமாசிக் மட்டும் இல்லை.

ஈசூன்காரி:
அப்போ வாங் தாயுவான்தான் நல்ல சாட்சி. கடல் சுற்றி வந்த சீன வணிகர், 1349ல் எழுதியிருக்கிறார். சயாம்காரர்கள் 70 கப்பலோடு வந்து துமாசிக்கை ஒரு மாதம் முற்றுகையிட்டார்கள், ஊர்க்காரர்கள் கதவை அடைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தார்கள் என்கிறார். கதவு இருந்தது என்றால் மதிலும் இருந்திருக்கும். 1365ல் ஜாவாவின் நாகரகிருதாகமம் என்ற காவியமும் துமாசிக்கை அங்கிருந்த மஜாபாகித் அரசுக்குக் கீழ்ப்பட்ட ஊர்களில் ஒன்றாக வைக்கிறது.

தேக்காவாசி:
சீனர் எழுதினால் சாட்சி, மலாய்க்காரர் எழுதினால் கதை, தமிழர் எழுதினால் வெறும் பெருமை. அப்படித்தானே? சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் இருந்த கல்வெட்டுக் கல்லை மறந்துவிட்டீர்கள். சுமார் 50 வரி எழுத்து. 1843ல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய துண்டில் 'கேசரிவ' என்று இருப்பதாக 2019ல் ஓர் ஆய்வாளர் படித்தார். பரகேசரிவர்மன் யார் பட்டம்?

கல்வெட்டுக்கிறுக்கன்:
சோழன் பட்டம்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அது ஒருவருடைய வாசிப்பு. எழுத்து தேய்ந்த துண்டு, பழைய ஜாவா மொழி என்பவர்களும் உண்டு. மலாய் ஏட்டையும் நான் தூக்கி எறியவில்லை. அரசர்களை அடக்கம் செய்ததாக அது சொல்லும் குன்று, நம் ஃபோர்ட் கேனிங்தான் என்பார்கள். 1984ல் அங்கே தோண்டியபோது 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் கிடைத்தது. ஏடும் மண்ணும் ஒத்துப்போனால் நான் வாயை மூடிக்கொள்வேன். சோழனுக்கு அந்த மண் இன்னும் கிடைக்கவில்லை.

ஈசூன்காரி:
ரெண்டு பேரும் அருங்காட்சியகம் போய் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு வந்து சண்டை போடுங்களேன்.

தேக்காவாசி:
போகலாம், கோப்பி தம்பி செலவு. அதற்குள் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் தஞ்சைப் பட்டியலிலேயே "ஆழ்கடல் அகழ்சூழ் மாயிருடிங்கம்" என்று ஒன்று வருகிறதே, வேண்டுமென்றே விட்டீர்களா? கடலையே அகழியாகக் கொண்ட ஊர். அது எந்த ஊர்?

கல்வெட்டுக்கிறுக்கன்:
மலாய்த் தீபகற்பத்தில்தான் தேடுகிறார்கள் அண்ணே.

தேக்காவாசி:
தேடட்டும், தேடட்டும்.